ஒரு புள்ளிக்கு ஒரு பானை: நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல்

பெங்களூரில் வளர்ந்து, சென்ற ஆவணியில் சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டைக்கு மருமகளாக வந்திருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “வருகிற தையில் எங்களுக்கு முதல் செவ்வாய்ப் பொங்கல். ‘நீங்களும் ஒரு புள்ளி ஆகிவிட்டீர்கள், பானை வைக்க வேண்டும்’ என்கிறார் மாமியார். புள்ளி என்றால் என்ன? பொங்கலன்றே வீட்டில் பொங்கிவிடுகிறோமே, அப்புறம் எதற்குச் செவ்வாய்க்கிழமை இன்னொரு பொங்கல்? நம் பாரம்பரிய அரிசி என்று எல்லோரும் கறுப்புக் கவுனியைத்தான் சொல்கிறார்கள். அதிலேயே பொங்கல் வைக்கலாமா? என் தோழிகள் பார்க்க வரலாமா?”

நானும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள்தான். முதல் தையில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எல்லோரும் மாலையில் கூடி, வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்குவதுதான் செவ்வாய்ப் பொங்கல். ஒரு புள்ளிக்கு ஒரு பானை. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கே இருந்தாலும் அன்று ஊருக்கு வந்துவிடப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு வராத பிள்ளைகள்கூட இதற்கு வருவார்கள். பூட்டியே கிடக்கும் வீடுகளின் கதவுகள் அந்த வாரத்தில்தான் திறக்கும்.

இனிப் புள்ளி. உங்கள் திருமணத்தன்று கோயிலிலிருந்து மாலை வந்தது நினைவிருக்கிறதா? நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. திருமணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மாலை வந்து, பெயர் கோயில் கணக்கில் ஏறிவிட்டால் அந்தக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் வரி போடுவது புள்ளிக் கணக்கில்தான், அதற்குப் பெயரே புள்ளி வரி. ஓர் ஊர் எவ்வளவு பெரியது என்று கேட்க நினைத்தால், எத்தனை வீடு, எத்தனை பேர் என்று பழைய செட்டியார்கள் கேட்கமாட்டார்கள். “எத்தனை புள்ளி?” என்பார்கள்.

இதை வரிக்கணக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புள்ளியின் உயிர் அடுப்பில் இருக்கிறது. நம் பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரையையும் முட்டை வெள்ளைக்கருச் சுவரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பின்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நம்மவர்களுக்கு ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணம் ஆனதும், பாத்திரம் பண்டமும் மளிகையும் கொடுத்து, அந்த இணையைத் தனிச் சமையலாக வைத்துவிடுவது. வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டில், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுடையது. ஆனால் அடுப்பு வேறு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி என்று தகப்பனார் அளந்து கொடுப்பார். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். அண்ணன் தம்பி நால்வர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், சண்டை சச்சரவு குறைவாக இருந்தது என்றால், நான்கு அடுப்பு எரிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பேன். சின்ன வயதிலேயே ஒரு பெண்ணுக்குத் தன் கைச் செலவைத் தானே கணக்குப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். கணவன் மூன்று வருடக் கணக்குக்கு இரங்கூனுக்குப் போய்விட்டால், அடுப்பும் கணக்கும் அவள் பொறுப்புதான்.

எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் சுவரோரமாக இன்றும் நான்கு புகைத்தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்தில் தொடங்கி, மேலே போகப்போக அகன்று, உத்தரத்தில் போய் ஒன்றாகக் கலக்கும். வெள்ளையடிக்க வந்த ஆட்கள் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன். மூன்றாவது தடம் எங்கள் அப்பத்தாவின் அடுப்பு என்று என் கணவர் சொல்வார். அதன் பக்கத்தில் சுவரில் ஒரு சிறு மாடம், அதில் உப்பு மரவை (மரக்கிண்ணம்) வைத்த வட்டம் அப்படியே பதிந்திருக்கிறது.

செவ்வாய்ப் பொங்கலன்று கோயில் முன்னால் நீங்கள் பார்க்கப்போவது அந்த இரண்டாங்கட்டைத்தான், ஊர் முழுக்க விரித்துப் போட்டதுபோல.

யார் பானை எங்கே என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும். புள்ளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, வெள்ளிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முதலில் வருகிற பெயருக்கு முதல் பானை. அது கிடைத்த வீட்டில் அந்த ஆண்டு முழுதும் அதே பேச்சுதான். பத்திரிகைக்காரர்கள் இதைக் குடவோலை முறை என்று எழுதுவார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபை உறுப்பினரைத் தேர்ந்த முறையோடு ஒப்பிடுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு. ஆலை வைத்திருப்பவர் சீட்டும், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் சீட்டும் ஒரே அளவுத் தாள். குடத்துக்குள் கை விடுகிறவருக்கு எது யாருடையது என்று தெரியாது. முதல் பானைக்கு உபயம் கேட்டு ஏலம் விட்டால் கோயிலுக்கு எவ்வளவோ பணம் சேரும். அந்தப் பக்கமே போகாமல் முன்னோர்கள் சீட்டில் விட்டுவைத்தார்கள். இந்த ஊர்ப் பழக்கங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஏன் செவ்வாய் என்கிறீர்கள். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாட்கள். தைப்பொங்கல் சூரியனுக்கு, வீட்டு வாசலில் வைப்பது. இது ஊர்த் தெய்வத்துக்கு, அவள் வாசலில் வைப்பது. கண்ணுடைய நாயகி கிடைத்த கதையும் சொல்கிறேன். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பால், மோர் விற்க வருபவர்கள் ஒரே இடத்தில் தினமும் இடறி விழ, பானைகள் உடைந்து பாலெல்லாம் கொட்டியதாம். அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது அம்மன் சிலை வெளிப்பட்டது என்பது தலமரபு. கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் ஏராளம். பானை கொட்டிய இடத்தில் வெளிப்பட்டவள் முன்னால் ஊரே சேர்ந்து பானை பொங்கவைக்கிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் நாலாவது ஐந்தாவது பொங்கலில், பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று சத்தம் கேட்டபோது தானாகத் தோன்றியது.

விடுமுறை கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் என்ன என்று என் மகனே ஒரு வருடம் கேட்டான். கூடாது என்றேன். கிழமையை நம் வசதிக்கு இழுத்தால், அடுத்து இடத்தை இழுப்போம், அதற்கடுத்து அடுப்பை எரிவாயுவுக்கு மாற்றுவோம். கடைசியில் சென்னையில் ஒரு மண்டபத்தில் தட்டு ஏந்திப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். ஒரு செவ்வாய்க்கிழமைக்காக விடுப்பு எடுப்பதுதான் இதற்கு நாம் கொடுக்கிற காணிக்கை. அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான்.

குடிபெயர்ந்த கதைக்கு வருகிறேன். இந்த விழாவை அதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். நம் முன்னோர் சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்பது நகரத்தார் மரபு. கி.பி. 707-இல் இளையாற்றங்குடியில் முதலில் குடியேறியதாகவும், அங்கிருந்து பிரிந்து ஒன்பது கோயில்களைப் பெற்றதாகவும் குலவரலாறு சொல்லும். செட்டிநாட்டின் எல்லையையும் பெரியவர்கள் ஒரு பாட்டுப்போலச் சொல்வார்கள்: வெள்ளாற்றுக்குத் தெற்கு, வைகைக்கு வடக்கு, பிரான்மலைக்குக் கிழக்கு, கடலுக்கு மேற்கு. அன்றைக்கு 96 ஊர்கள் என்பார்கள். இன்று எழுபத்துச் சொச்சம்.

பூம்புகாரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மண் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அங்கே காவிரி வண்டல். இங்கே செம்மண், சரளைக் கல், முள். ஆறு என்று பெயர் பெற்றவை எல்லாம் மழை பெய்தால் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயில் பிடித்து வைத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் நம் ஊர்களில் வீடு வருவதற்கு முன்பே ஊருணி வந்தது. வீட்டுக் கூரைத் தண்ணீர் எல்லாம் வளவுக்குள் விழுந்து, கிடாரத்தில் நிறைந்து, மிச்சம் வடிகாலில் போகும்படி கட்டினார்கள். மாளிகையைப் பார்த்து வியக்கிறவர்கள் அந்த வடிகாலையும் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் நெல் விளைவித்தவர்கள் நாம் அல்லர். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பானையைத் தூக்க வேண்டும். நம்மவர்கள் கணக்குப் பிள்ளைகள், கடைக்காரர்கள், கடல் கடந்து போனவர்கள். புழுதியில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் சுற்றியுள்ள நாட்டார்களும் மற்ற உழவர் குடிகளும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் புழுதி விதைப்பு என்பது ஒரு துணிச்சல். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் உழுது விதைத்துவிடுவார்கள். மழை வந்து முளைக்க வேண்டும், கண்மாய் நிறைந்து பயிரைக் கரையேற்ற வேண்டும், இடையில் பதினைந்து நாள் வானம் பொய்த்தாலும் தாங்கி நிற்கிற நெல்லாக இருக்க வேண்டும். சித்திரைக்கார், நூற்றிப்பத்து என்று பெயர் சொல்கிற பழைய ரகங்கள் அப்படிப்பட்டவை. சிவந்த அரிசி, தடித்த சோறு, வயிற்றில் நிற்கும். எங்கள் வீட்டுக்கு நெல் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், மூட்டையை இறக்கியதும் ஒரு கை நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, அரிசியை என் கையில் போட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். அந்தச் செந்நிறத்தைப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

தை மாதம் இங்கே எல்லோருக்கும் பொது. செவ்வாய்ப் பொங்கலை ஒட்டிய நாட்களில்தான் சிராவயலில் மஞ்சுவிரட்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போவதும் இந்த மாதத்தில்தான். உழுத மாட்டுக்கு ஒரு நாள், நடக்கிற காலுக்கு ஒரு நாள், அடுப்புக்கு ஒரு நாள்.

கவுனி விஷயத்தில்தான் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. கவுனி நம் அரிசிதான், ஆனால் நம் மண்ணின் அரிசி என்று சொல்வது சரியில்லை. அது நாம் இரண்டாவது முறை குடிபெயர்ந்தபோது கிடைத்தது.

1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு ஐராவதி வடிநிலத்துக் காட்டையும் சதுப்பையும் அழித்து நெல் வயலாக்கும் வேலை மளமளவென்று நடந்தது. காட்டை வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள் பர்மிய விவசாயிகள். அவர்களுக்கு மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் கடன் வேண்டும். வெள்ளைக்கார பாங்க் அவர்களுக்குக் கொடுக்காது. அங்கேதான் நம் ஆட்கள் பெட்டியடி போட்டு, அதாவது வட்டிக்கடை வைத்து, உட்கார்ந்தார்கள். ‘கொண்டுவிற்கப் போவது’ என்று நாம் சொல்வது அதைத்தான். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடாக அது ஆனதில் அந்தக் கடன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெருமையோடு இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. விவசாயியால் கடனைத் திருப்ப முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் உடைமை, 1938-இல் இருபத்தைந்து பங்கானது. நம் ஆட்களுக்கு வேண்டியது வட்டியும் முதலும்தான், நிலம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தான் காடு வெட்டி உண்டாக்கிய வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். 1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று. முன்பே வந்து சேர்ந்திருந்த தேக்குத் தூண்கள், பெட்டி நிறையக் கடிதங்கள், அரக்குப் பாத்திரங்கள், இந்தக் கறுப்பு அரிசி ஆகியவை மிஞ்சின.

பர்மிய மொழியில் ஒட்டும் அரிசிக்குக் ‘கௌக்ஞின்’ என்று பெயர். அதை இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நம் கவுனி காதில் விழும். பர்மா அரிசி என்றே எங்கள் ஆயா சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பலகாரத்தில், புது மாப்பிள்ளை விருந்தில், கவுனி இல்லாமல் இலை நிறையாது. அப்படித்தான் அது பாரம்பரிய உணவானது.

இங்கே அது ஏன் பரவலாக விளையவில்லை என்பதற்கும் காரணம் எளியது. கறுப்புக் கவுனிக்கு நூற்று நாற்பது, நூற்றைம்பது நாள் வயது. கார்த்திகையோடு மழை நின்றுபோகிற மானாவாரி நிலத்தில் அவ்வளவு நாள் பயிரைக் காப்பாற்றக் கிணற்றுத் தண்ணீராவது வேண்டும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் அது நன்றாக வருகிறது. அங்கே மறைந்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திவந்த நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை நெல் வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். அப்படித்தான் எத்தனையோ பழைய நெல்கள் மறுபடி வயலுக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ 57 என்று வயது குறைந்த ஒரு கறுப்பு நெல்லை வெளியிட்டிருக்கிறது. இங்கேயும் கிணறு உள்ள சிலர் இப்போது கவுனி போடுகிறார்கள். அவர்களிடம் நேரே வாங்குங்கள். நகரத்துக் கடை ஒன்றில் அழகான பையில் நான் வாங்கிய ‘கவுனி’, தண்ணீரில் போட்ட நொடியிலேயே மைபோலச் சாயம் விட்டு, வெந்த பிறகு வெள்ளைச் சோறாக நின்றது. அன்று வீட்டில் விருந்து. நல்ல கவுனி ஊற ஊறத்தான் நீரை ஊதா நிறமாக்கும். அந்த நீரில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் செம்பருத்திச் சாறுபோலச் சிவந்துவிடும். அது அந்த நிறமியின் குணம். எல்லாச் சாயத்துக்கும் இது வராது.

ஆகவே பானைக்குக் கவுனி வேண்டாம். சம்பிரதாயத்தைக் காட்டி உங்களைத் தடுக்கவில்லை, சமையல்காரியாகச் சொல்கிறேன். கவுனி இரவு முழுக்க ஊறி, ஊறிய அதே நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்ல வேக வேண்டியது. திறந்த வெளி அடுப்பில், வரிசையில் எல்லோர் பானையும் இறங்கிய பிறகும் உங்கள் பானை கடுக்கென்று இருக்கும். அன்று காலையிலேயே வீட்டில் கவுனியை வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் சேர்த்துக் கிளறி, விருந்தாளிகளுக்கு வையுங்கள். அதற்கு அதுதான் இடம்.

அம்மன் பானைக்குப் புதுப் பச்சரிசி. இந்தப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன நெல்லை அறுத்து அரைத்ததாக இருந்தால் மிக நல்லது. மார்கழிக் கடைசியிலேயே யாரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள். பழைய அரிசிக்கு ஊற்றுகிற அளவு தண்ணீர் புது அரிசிக்கு வேண்டாம், குழைந்துவிடும். அரைப்படி அரிசி போதும். அரிசி களைந்த இரண்டாவது நீரையும் பாலையும் கலந்து முதலில் பானையில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நுரை கட்டி நன்றாகப் பொங்கும். பொங்கி வழிந்த பிறகுதான் அரிசி. பானையின் கழுத்து வரை நீர் இருக்கட்டும். பாதி நீர் வைத்துவிட்டுப் பொங்கவில்லையே என்று விழிக்கிற புது மருமகள்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பொங்குகிற நேரத்தில் சங்கு ஊதுவார்கள், குலவை எழும்பும். வெண்பொங்கலா சர்க்கரைப் பொங்கலா என்பது வீட்டு வழக்கம், அதை உங்கள் மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை வேறு யாரிடமும் விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சமையலுக்கு ஆள் வைத்து, பொங்குகிற நேரத்தில் பட்டுப்புடவையோடு வந்து கரண்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பார்க்க வேதனையாக இருக்கிறது. அது உங்கள் அடுப்பு. கண்ணில் புகை போனால் போகட்டும். பக்கத்துப் பானைக்காரர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சீட்டு அப்படி உட்கார வைத்திருக்கும். விறகு ஒடிக்கிற நேரத்தில் பேச்சு தொடங்கும். எந்தக் கோயில், எந்த வீடு, அப்பச்சி பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் உறவு வந்துவிடும். பானை பொங்குவதற்குள் பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து, ஆவணிக்குக் கல்யாணம் வரை பேசி முடித்த கதைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. பழைய நாளில் ஊர் ஊராகப் பிரிந்து, கடல் கடந்து சிதறிக் கிடந்தவர்களுக்கு, ஒரே இடத்தில் எல்லோரையும் பார்க்கிற நாள் இதுதானே. இன்றும் அப்படித்தான்.

தோழிகள் தாராளமாக வரலாம். அம்மன் கோயில் எல்லோருக்கும் பொது, பானைதான் புள்ளிக்கு உரியது. வெளிநாட்டுப் பயணிகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். படம் எடுப்பவர்கள் பானைகளுக்கு நடுவே குறுக்கே நடக்க வேண்டாம், அதைமட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதியத்துக்கு முன் வரச் சொன்னால், கம்பர் சமாதியையும் பார்த்துவிடலாம். கம்பர் அடங்கியது இந்த ஊரில்தான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவின் நிறைவு நாள், பங்குனி அத்தத்தன்று, இங்கேதான் நடக்கும். பிறந்த குழந்தைக்குக் கல்வி வரவேண்டும் என்று அங்கிருந்து மண் எடுத்து நாவில் தொடுகிற பழக்கமும் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். அடுப்புக்கு மூன்று செங்கல், காய்ந்த பனையோலை, தேங்காய் மட்டை, கைப்பிடி நீளத்தில் வெட்டிய விறகு. பச்சை விறகு கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள், தட்டிப் பார்த்து வாங்குங்கள். பானை கழுத்தில் கட்ட இலையோடு கூடிய மஞ்சள் கொத்து, கோலத்துக்கு அரைத்த அரிசிமாவு, அகப்பை, பிடிதுணி, குடிக்கத் தண்ணீர். தீப்பெட்டி இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதத்து மாலையில் வடகிழக்கிலிருந்து காற்று வரும். செங்கல் வைக்கும்போது அடுப்பின் வாயை அந்தப் பக்கம் நேராகத் திறந்து வைக்காமல், கொஞ்சம் தெற்கே திருப்பி வையுங்கள்.